குளிர்காலச் சரளைச் சாலையில் குழு ரைடு: முதன்முறை ஏற்பாடு செய்பவர்களுக்கு

குளிர்கால மோட்டார் சைக்கிள் ரைடுக்கான திட்டத்தைச் சூரியன் மறையும் நேரத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போட வேண்டும். கோடையில் ஒரு பஞ்சர் என்றால் அரை மணி நேரம் போகும், அவ்வளவுதான். குளிர்காலத்தில் அதே அரை மணி நேரத்தில் எட்டுப் பேர் வியர்வை ஈரத்தோடு காற்றில் நிற்பார்கள், கை விரைக்கும், கடைசி இருபது கிலோமீட்டரை இருட்டில் ஓட்ட நேரும். இருட்டும் குளிரும் களைப்பும் சேர்ந்தே வரும். ஏற்பாடு செய்பவரின் வேலையில் பெரும்பகுதி நேரத்தைக் காப்பதுதான்.

தூரக் கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாலை 5 மணிக்குச் சூரியன் மறைகிறது என்றால், கடைசி வண்டி 4 மணிக்குத் தார்ச்சாலைக்கு வந்துவிட வேண்டும். காலையில் 9.30க்கு முன் கிளம்ப வேண்டாம். இரவு விழுந்த உறைபனி அப்போதுதான் இளகத் தொடங்கும். ஆக, கையில் இருப்பது 390 நிமிடம். மதிய உணவுக்கு 60, நான்கு சிறு நிறுத்தங்களுக்கு 60, பஞ்சரோ வேறு பழுதோ வந்தால் சமாளிக்க 45 என்று கழித்தால் மிச்சம் 225 நிமிடம். புதியவர்கள் உள்ள குழு சரளையில் சராசரியாக மணிக்கு 35 கி.மீ. போகும். கணக்கு சுமார் 130 கி.மீ. என்று வருகிறது. அதுதான் உச்ச வரம்பு. முதல் ரைடுக்கு 100 கி.மீ. போதும், அதிலும் 60–70 கி.மீ. மட்டும் சரளையாக இருக்கட்டும்.

இந்தக் கணக்கு பலருக்கு நம்ப முடியாத அளவு சிறியதாகத் தெரியும். தனியாகப் போகிறவர் இதே நேரத்தில் 200 கி.மீ. ஓட்டிவிடுவார். குழுவில் பத்து நிமிட நிறுத்தம் என்று சொன்னால் எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றி, கையுறையைக் கழற்றி, பல அடுக்கு உடையோடு ஒதுங்கிவிட்டு வந்து, மறுபடி எல்லாவற்றையும் மாட்டிக் கிளம்புவதற்குள் இருபது நிமிடம் ஆகிவிடும்.

பாதையைப் பிரதான தார்ச்சாலையை ஒட்டியோ அதைக் குறுக்கிட்டோ போகும்படி அமையுங்கள். 30 கி.மீ.க்கு ஒரு முறையாவது தார்ச்சாலைக்கு வெளியேற வழி இருக்க வேண்டும். ஒவ்வொரு வெளியேறும் வழிக்கும் ஒரு கெடு நேரத்தை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: மதிய உணவு இடத்தை 1 மணிக்குள் அடையாவிட்டால் பிற்பகல் சரளைப் பகுதியை விட்டுவிட்டுத் தார்ச்சாலை வழியே திரும்புவது என்பது போல. முந்தைய வாரமே எழுதிவைத்த கெடு, பாதி வழியில் உற்சாகத்தில் எடுக்கும் முடிவை விட நம்பகமானது.

எரிபொருளைக் குழுவில் மிகச் சிறிய டேங்க் உள்ள வண்டியை வைத்துக் கணக்கிட வேண்டும். 10 லிட்டர் டேங்க், நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 30 கி.மீ. தரும் வண்டி என்றால், சரளையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து 24 என்று வையுங்கள். 2 லிட்டரை இருப்பாக விட்டால் 192 கி.மீ. அதற்குள் பங்க் வர வேண்டும். அந்த பங்க் குளிர்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ரைடுக்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் முழுப் பாதையையும் இரண்டு பேர் ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். பூட்டிய கேட், அடித்துப்போன சிறு பாலம், புதிதாகக் கொட்டிப் பரப்பிய ஆழமான ஜல்லி எதுவும் வரைபடத்தில் தெரியாது. பாதையில் ஆற்றையோ ஓடையையோ கடக்க வேண்டியிருந்தால் அந்தப் பகுதியை மாற்றிவிடுங்கள். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தவர் அன்று முழுக்க மீள மாட்டார். மண் பாதைகள் சில ஈரக்காலத்தில் சட்டப்படி மூடப்படும், சில தனியார் நிலத்தின் ஊடே போகும். அனுமதி பற்றிய சந்தேகத்தை உள்ளூர்ச் சாலை நிர்வாகத்திடமோ நில உரிமையாளரிடமோ கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடியே விடவும்; மூடியிருந்தால் கடைசி வண்டி மூடிவிட்டு வரவும். கால்நடை கண்ணில் பட்டால் நடைவேகத்துக்குக் குறையுங்கள்.

பாதையை ஜி.பி.எஸ். கோப்பாக எல்லோருக்கும் அனுப்பும்போது ‘டிராக்’ ஆக அனுப்புங்கள், ‘ரூட்’ ஆக அனுப்பாதீர்கள். ரூட் கோப்பை ஒவ்வொரு கருவியும் தன் விருப்பப்படி மறுகணக்கிடும். எட்டுப் பேரும் எட்டு வழியில் போக அதுவே போதும். டிராக் நீங்கள் ஓட்டிய கோட்டையே காட்டும். வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிவைக்கச் சொல்லுங்கள். குளிரில் போன் பேட்டரி சட்டென்று படுத்துவிடும். வழிகாட்டும் போனுக்கு வண்டியிலிருந்து சார்ஜ் வர வேண்டும், அவசரத்துக்கான இன்னொரு போன் உடலை ஒட்டிய உள் பாக்கெட்டில் இருக்க வேண்டும்.

எத்தனை பேர், யார் எங்கே

ஆறு முதல் எட்டு பேர் நல்ல அளவு. அதற்கு மேல் சேர்ந்தால் இரண்டாகப் பிரித்து 20 நிமிட இடைவெளியில் அனுப்புங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் தனி லீட் (முன்னால் வழிகாட்டிப் போகிறவர்), தனி ஸ்வீப் (கடைசியாக வருபவர்) வேண்டும்.

லீடாகப் போகிறவர் வேகமானவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பாதை தெரிந்தவராகவும், கண்ணாடியில் அடிக்கடி பார்ப்பவராகவும், பின்னால் வருபவரின் திறமைக்கேற்ப வேகத்தை அடக்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். குழுவிலேயே அனுபவம் மிகுந்தவரை ஸ்வீப் ஆக்குங்கள். கருவிகளும் முதலுதவிப் பையும் அவரிடம் இருக்கும். விழுந்தவரிடம் முதலில் வந்து சேர்வதும் அவர்தான். அவருடைய மேலங்கி மற்றவர்களிடமிருந்து தனித்துத் தெரியும் நிறத்தில் இருந்தால் நல்லது. காரணம் கீழே வருகிறது.

சரளையில் முன் வண்டி எழுப்பும் புழுதி அடங்கும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். 200 மீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வண்டிகள் என்றால் முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவே 1.4 கி.மீ. லீடுக்கு ஸ்வீப் கண்ணில் படவே மாட்டார். அதனால்தான் ‘திருப்பத்தில் ஆள் நிறுத்தும்’ முறை தேவைப்படுகிறது. லீட் ஒரு சந்திப்புக்கு வந்து திரும்பும்போது, இரண்டாவதாக வருபவர் அங்கே நின்று திசை காட்டுவார். மற்றவர்கள் அனைவரும் கடந்து போவார்கள். ஸ்வீப் வந்ததும், நின்றவர் ஸ்வீப்புக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். இதற்குள் மூன்றாமவராக இருந்தவர் இரண்டாமவர் ஆகியிருப்பார். அடுத்த சந்திப்பு அவருடையது.

இந்த முறை கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். நிற்பவர் தூரத்திலிருந்தே தெரியும் இடத்தில் நிற்காமல் திருப்பத்தைத் தாண்டிப் போய் நிற்பது முதலாவது. போட்டோ எடுக்கவோ ஒதுங்கவோ இடத்தை விட்டு நகர்வது இரண்டாவது. மூன்றாவதும் மோசமானதுமான காரணம், ‘எல்லோரும் போய்விட்டார்கள்’ என்று தானே முடிவு செய்து ஸ்வீப் வருவதற்கு முன் கிளம்புவது. ஸ்வீப்பின் நிறத்தைப் பார்க்கும் வரை நகரக் கூடாது, எவ்வளவு நேரமானாலும் சரி. எட்டுப் பேரில் லீடையும் ஸ்வீப்பையும் கழித்தால் நிறுத்துவதற்கு ஆறு பேர்தான். அடுத்தடுத்து ஆறு சந்திப்புகள் வந்துவிட்டால் லீடுக்குப் பின்னால் ஆளே இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் லீட் நின்று ஆள் சேர்ந்த பிறகு நகர வேண்டும். நிறுத்தம் ஒன்றில் கடைசி ஆள் வந்து சேர 15 நிமிடத்துக்கு மேல் ஆனால், லீட் வந்த தடத்திலேயே திரும்பிப் போவார். குறுக்குவழி எடுக்கக் கூடாது. எதிர்த் திசையில் ஒருவரையொருவர் தவறவிட்டுவிடுவீர்கள்.

வண்டியைத் தயார் செய்தல்

முந்தைய நாள் மாலையில் பார்த்துவிடுங்கள். கிளம்பும் காலையில் விரைத்த கையோடு ஆக்ஸில் நட்டை இறுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்திருக்கிறது. செயின் தொய்வைக் கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள். மிக இறுக்கமாக இருந்தால் சஸ்பென்ஷன் முழுதும் அமுங்கும்போது செயின் இழுபட்டு, கியர்பாக்ஸ் வெளித்தண்டின் பேரிங்கைக் கெடுக்கும். ரேடியேட்டரில் கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலவையாக இருக்கட்டும்; வெறும் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டர் உறைந்தால் வெடித்துவிடும். குளிரில் பேட்டரியின் திறன் குறையும், எஞ்சின் ஆயிலும் தடித்துவிடும். ஏற்கெனவே தடுமாறும் பேட்டரியை மாற்றிவிடுங்கள். லித்தியம் பேட்டரி குளிர்ந்த காலையில் முதல் முயற்சியில் மந்தமாக இருக்கும். ஒரு நிமிடம் ஹெட்லைட்டை எரியவிட்டு, அது சற்றுச் சூடேறிய பின் ஸ்டார்ட் செய்யுங்கள்.

டயர் காற்றழுத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவர்கள் இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். தார்ச்சாலைக்கான 32–36 பி.எஸ்.ஐ.யோடு சரளையில் போனால் டயர் கல் மேல் கல்லாகத் துள்ளும், பிடி இருக்காது. கால் பங்கு குறைத்து 24–27 வைத்தால் டயர் மண்ணோடு படியும். அதற்கும் கீழே, 20க்குப் பக்கத்தில் போனால், கூரான கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரட்டைக் கிழிசலாகும், ரிம்மும் வளையும். பெட்டிகளோடு கனத்த வண்டி என்றால் இன்னும் 2 பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். வெளியே வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அழுத்தமும் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. குறையும். ஆகவே வீட்டுக்குள் கதகதப்பில் அளந்த அளவு செல்லாது. கிளம்பும் இடத்தில், வண்டி ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். தார்ச்சாலையில் நீண்ட தூரம் திரும்ப வேண்டியிருந்தால் மறுபடி காற்றடிக்க ஒரு பம்பு தேவை.

கருவிகளைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். குழுவுக்கு ஒரு பெரிய பம்பு, மூன்று டயர் லீவர், ஒட்டு கிட், டியூப் இல்லா டயருக்கான பிளக் கிட், எல்லா வண்டியின் ஆக்ஸிலுக்கும் பொருந்தும் ஸ்பானர், செயின் பிரேக்கர், குழுவில் உள்ள ஒவ்வொரு செயின் அளவுக்கும் ஒரு இணைப்பு லிங்க், கேபிள் டை, இழுவைக் கயிறு, உடைந்த எஞ்சின் உறையை அடைக்கும் எபாக்சிப் பசை. உடையக்கூடிய பிரேக், கிளட்ச் லீவர்களை ஒவ்வொருவரும் தம் வண்டிக்கானதைத் தாமே எடுத்து வர வேண்டும். 21 அங்குல முன் டியூப் ஒன்றிரண்டு கட்டாயம் வேண்டும்: அவசரத்துக்கு அதை 18 அங்குலப் பின் சக்கரத்தில் மடித்துப் போட்டு வீடு வரலாம், பின் டியூபை முன்னால் போட முடியாது.

குளிரில் பஞ்சர் போடுவதற்கென்று சில நெளிவுசுளிவுகள் உண்டு. டயர் ரப்பர் மரம்போல் இறுகிவிடும், லீவர் ஏறாது. எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்திலோ வெயிலிலோ சக்கரத்தைக் கொஞ்ச நேரம் வைத்துப் பிறகு கழற்றுங்கள். மாற்று டியூபை ஜாக்கெட்டுக்குள் வைத்துச் சூடாக்குங்கள். ஒட்டுப் பசை காய இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் ஒட்டு பெயர்ந்துவிடும். அதனால் வழியில் டியூபை மாற்றுவதே மேல், ஒட்டுவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் குளிரில் முழு அழுத்தம் தருவதில்லை. அவற்றை மட்டும் நம்பி வர வேண்டாம்.

உடல் சூடு

காற்று 5 டிகிரி இருக்கும்போது 60 கி.மீ. வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 2 டிகிரி போல உறைக்கும். 0 டிகிரியில் 80 கி.மீ. என்றால் மைனஸ் 10. உடையை வீட்டு வாசலின் குளிருக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

உள்ளாடை கம்பளியோ பாலியஸ்டரோ ஆக இருக்கட்டும், பருத்தி வேண்டாம். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு, நின்றதும் உடலைக் குளிர்விக்கும். அதன் மேல் சூட்டை அடைக்கும் ஒரு அடுக்கு, வெளியே காற்றும் நீரும் புகாத அடுக்கு. சரளை ரைடில் குளிரை விட வியர்வைதான் பலரை வீழ்த்துகிறது. கடினமான பகுதியில் நின்றுகொண்டு ஓட்டினால் உடல் உழைக்கும், உள்ளே நனையும். பிறகு நிறுத்தத்தில் பத்து நிமிடத்தில் நடுக்கம் வரும். கடினமான பகுதிக்கு முன்பே ஜாக்கெட்டின் காற்றுத் திறப்புகளைத் திறந்துவிடுவதும், நின்றவுடன் மூடுவதும் பழக வேண்டிய பழக்கம்.

கைக்குத் தனி கவனம் கொடுங்கள். விரல் விரைத்தால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. காற்றைத் தடுக்கும் ஹேண்ட்கார்டு, மாற்றுக் கையுறை ஒரு ஜோடி, முடிந்தால் ஹேண்டில் ஹீட்டர். ஹீட்டர் 30–40 வாட் எடுக்கும், சூடாகும் ஜாக்கெட் 70–100 வாட். சிறிய ஒற்றை சிலிண்டர் வண்டியில் இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பேட்டரி இறங்கக்கூடும். ஒரு வோல்ட்மீட்டர் மாட்டி, ஓடும்போது 13 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஒன்றை அணைத்துவிடுங்கள். பூட்ஸில் இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். வைசருக்கு ஆவி படியாத உள் தகடு வாங்குவது இந்தப் பட்டியலிலேயே மிகப் பயனுள்ள செலவு. தாழ்ந்த வெயில் நேர் எதிரே அடிக்கும்போது ஆவி படிந்த வைசரில் எதுவும் தெரியாது.

உறைகுளிர் உடலைத் தாக்குவதை மற்றவர்கள்தான் முதலில் கவனிக்க முடியும். பேச்சு குழறுவது, சாவியைத் தவறவிடுவது, எளிய கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொல்வது, நடுக்கம் ஆகியவை அறிகுறிகள். நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு உடல் சூடாகாமலேயே நடுக்கம் நின்றுபோனால் அது நல்ல செய்தி அல்ல, ஆபத்து. காற்றடிக்காத இடத்துக்குக் கொண்டுபோங்கள், ஈர உடையை மாற்றுங்கள், நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். கை கால்களைத் தேய்க்க வேண்டாம், மது கொடுக்கவே கூடாது. அவர் அன்று மறுபடி வண்டி ஓட்டக் கூடாது.

குளிர்காலச் சரளை எப்படி நடந்துகொள்ளும்

காலையில் உறைந்த மண் கெட்டியாக, கிட்டத்தட்ட தார்போல இருக்கும். ஆனால் ஈரத்தில் மற்ற வண்டிகள் போட்ட ஆழமான தடங்களும் அப்படியே கெட்டியாகியிருக்கும். முன் சக்கரம் அதில் இறங்கினால் வெளியே வராது. ஏதாவது ஒரு தடத்தைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நேராகப் போய்விடுங்கள். மதியம் வெயில் ஏறியதும் மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகும். அடியில் இன்னும் உறைந்திருப்பதால் நீர் கீழே இறங்காது, மேலே வழவழப்பான சேறு நிற்கும். காலையில் சிரமமில்லாமல் போன சாலை பிற்பகலில் வழுக்குவதற்குக் காரணம் இதுதான். ஆகவே களிமண் கலந்த பகுதிகளைக் காலைக்கும், நல்ல கல் சரளையைப் பிற்பகலுக்கும் வைத்துப் பாதையின் திசையைத் தீர்மானியுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டிப் படலம் முதலில் பாலங்களில் உருவாகும், பிறகு மர நிழலிலும் வெயில் படாத சரிவிலும். அங்கெல்லாம் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, படலத்தின் மேல் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் தொடாமல் நேராக உருண்டு போக வேண்டும். உறைந்த குட்டையின் மேல் ஏற வேண்டாம். அடியில் உள்ள குழியின் ஆழம் தெரியாது.

ஓட்டும் முறையில் புதியவர்களுக்கு நாங்கள் வலியுறுத்துவது: பார்வை தூரத்தில், பிடி தளர்வாக, ஆக்ஸிலேட்டர் சீராக. ஜல்லியில் ஹேண்டில்பார் ஆடத்தான் செய்யும், அதை அடக்க முயன்று இறுக்கிப் பிடித்தால்தான் விழுவீர்கள். ஆழமான ஜல்லியில் எழுந்து நின்று எடையைச் சற்றுப் பின்னால் தள்ளி, மெல்ல ஆக்ஸிலேட்டர் கொடுத்துக்கொண்டே போங்கள். திருப்பத்தில் வெளிப்பக்க ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் மிதியில்) எடை. சாலை நடுவே குவிந்திருக்கும் ஜல்லி வரப்பைக் கடக்க வேண்டுமானால் சாய்வாக உரசிக்கொண்டே போகாமல், வேகம் குறைத்து ஓரளவு நேராக வெட்டிக் கடக்கவும். பிரேக்கை நேர்ப்பகுதியிலேயே முடித்துவிட்டுத் திருப்பத்தில் நுழையுங்கள். முன் பிரேக்கை விரல் நுனியால், பதமாக. மேட்டின் உச்சியில் எப்போதும் உங்கள் பக்கத்திலேயே இருங்கள். எதிரே வரும் டிராக்டருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

அன்று காலை

முந்தைய இரவு மழை பெய்து பிறகு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனால் தள்ளிவைத்துவிடுங்கள். அடர்ந்த மூடுபனிக்கும் இதே முடிவுதான். ரத்து செய்வது யார், எத்தனை மணிக்குச் செய்தி வரும் என்பதை முன்பே சொல்லியிருந்தால் காலையில் வாக்குவாதம் இருக்காது.

கிளம்பும் முன் பத்து நிமிடம் பேசுங்கள், வண்டிகளை அணைத்துவிட்டு. பாதை, கெடு நேரங்கள், திருப்பத்தில் நிற்கும் விதி, லீடை முந்தக் கூடாது என்பது, விபத்தில் யார் என்ன செய்வது. இவற்றைச் சொல்லிவிட்டு, நின்று திசை காட்டும் விதியை மட்டும் ஒரு புதியவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொருவரின் ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டுத் தொடர்பு எண் எழுதிய அட்டை ஜாக்கெட்டின் இடது உள் பாக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லோரும் ஒரே பாக்கெட்டில் வைத்திருந்தால் தேட வேண்டியிருக்காது.

யாராவது விழுந்தால் முதலில் சாலையின் இரு பக்கமும் நூறு மீட்டர் தள்ளி ஆள் நிறுத்தி எதிர்வரும் வண்டியை எச்சரிக்க வேண்டும். மூச்சு தடைப்பட்டால் ஒழிய ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். ரத்தம் கொட்டினால் நேரடியாக அழுத்திப் பிடியுங்கள். குளிர்காலத்தில் கூடுதலாக ஒன்று: உறைந்த தரை உடல் சூட்டை மிக வேகமாக உறிஞ்சும். அடிபட்டவரை முதுகெலும்பு அசையாமல் தூக்க முடிந்தால் அடியில் பாய் அல்லது ஜாக்கெட்டைத் தள்ளுங்கள், முடியாவிட்டால் மேலேயும் பக்கங்களிலும் வெப்பப் போர்வையால் நன்றாக மூடுங்கள். உதவி கேட்கும்போது சாலைப் பெயரோடு ஜி.பி.எஸ். எண்களையும் சொல்லுங்கள். பல நாடுகளில் 112 எந்தக் கைபேசியிலிருந்தும் வேலை செய்யும். உங்கள் பாதை உள்ள நாட்டின் எண்ணை எல்லோரும் போனில் பதிந்துவைக்கட்டும். சிக்னலே கிடைக்காத பகுதி என்றால் செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி ஒன்று குழுவில் இருக்க வேண்டும்.

முதல் நிறுத்தத்தை 15 கி.மீ.யிலேயே வையுங்கள். அடுக்கு உடை சரியில்லாதவர், பை தளர்ந்தவர், கை விரைத்தவர் எல்லோரும் அங்கே தெரிந்துவிடுவார்கள். யாருக்காவது சரளை பிடிக்கவில்லை என்றால் அங்கிருந்து தார்ச்சாலை வழியே திரும்ப இன்னொருவரைத் துணைக்கு அனுப்புங்கள், தனியாக அனுப்பாதீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணி, தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் நீர் குறைந்தால் களைப்பு சீக்கிரம் வரும்.

கடைசி நிறுத்தம் தார்ச்சாலை தொடங்கும் இடத்தில். டயரில் காற்று ஏற்றி, நம்பர் பிளேட்டையும் விளக்குகளையும் துடைத்து, ஆள் எண்ணிவிட்டுப் பிரியலாம். வீடு சேர்ந்ததும் ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். கடைசிச் செய்தி வரும் வரை ஏற்பாட்டாளர் போனைக் கையில் வைத்திருக்க வேண்டும். சாலையில் உப்பு தூவும் பகுதி வழியே வந்திருந்தால் அன்றிரவே வண்டியைக் குளிர்ந்த நீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். டிராக் கோப்பில் எந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடந்தீர்கள், எங்கே பனி இளகாமல் இருந்தது, எந்த பங்க் மூடியிருந்தது என்று குறித்துவைத்தால் அடுத்த ரைடுக்கான நேரக் கணக்கை அதை வைத்தே திருத்திக்கொள்ளலாம்.